கிந்தா பள்ளத்தாக்கில் ஈயமும் நிலத்தடி நீரும்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஈயத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது, அதன் உரிமையாளர் யார், எத்தனை பிக்குல் ஈயம் கப்பலேறியது, அச்செல்வத்தால் எந்த மாளிகை எழுந்தது என்பனவெல்லாம் நூல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. ஆனால், அந்த ஈயத்தோடு அதே மண்ணில், அதே ஆழத்தில் தங்கியிருந்த மற்றொரு செல்வத்தின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. நிலத்தடி நீரே அச்செல்வம். ஈயம் தேடிய மனிதன் நூறாண்டுக்கு மேலாக அந்நீரோடு போராடினான். அப்போராட்டத்தில் அவன் கற்றவையும் கற்கத் தவறியவையும் ஆற்றோரங்களில் மணலும் சரளையும் தோண்டப்படும் இந்நாளில் நினைவுகூரத்தக்கன.

நிலத்தின் அமைப்பு

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். இவற்றிற்கு இடையே வடக்கில் குறுகியும் தெற்கில் அகன்றும் கிடக்கும் சமவெளியே கிந்தா பள்ளத்தாக்கு. கோர்பு மலைப் பகுதியில் பிறக்கும் கிந்தா ஆறு ஈப்போ நகரின் ஊடாகத் தெற்கு நோக்கிப் பாய்ந்து பேராக் ஆற்றில் கலக்கிறது.

பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறையாகும். நீரில் கரையும் இயல்புடையதாதலால், அப்பாறையின் மேற்பரப்பு சமமாக இல்லை. மண்ணுக்கடியில் கூர்ங்கோபுரங்களும், அவற்றிடையே ஆழ்ந்த பிளவுகளும், உள்ளே குகைகளும் நிறைந்துள்ளன. ஈப்போவைச் சுற்றி வானளாவி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் அப்பாறையின் வெளித்தெரியும் பகுதிகளே.

கருங்கல் மலைகளிலிருந்து மழைநீர் அடித்துவந்த மணல், சரளை, களிமண் ஆகியவை நெடுங்காலமாக இப்பாறையின் மேல் படிந்தன. அவற்றோடு ஈயக் கனியமும் வந்து சேர்ந்தது. அது நீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு எடையுடையது. ஆகவே வெகுதூரம் செல்லாமல் சரளைப் படுகைகளிலும் பாறைப் பிளவுகளிலும் தங்கிற்று.

இங்குக் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. சரளைக் கற்களுக்கும் மணல் துகள்களுக்கும் இடைப்பட்ட வெளிகளிலேதான் நிலத்தடி நீரும் தங்குகிறது. மழைக்காலத்தில் அப்படுகை நீரை வாங்கிக்கொள்கிறது. வறட்சிக் காலத்தில் கிணறுகளுக்கும் ஆற்றுக்கும் அதைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கிறது. ஆதலின் ஈயம் கிடந்த இடமும் நீர் இருந்த இடமும் ஒன்றே. ஒன்றை எடுப்பவன் மற்றொன்றைத் தொடாமல் இருக்க இயலாது.

நீரைப் பகையாகக் கண்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாருட் வட்டாரத்தில் ஈயத்தொழில் தழைத்தபோது, சீனத் தொழிலாளர்கள் மண்வெட்டியாலும் கூடையாலும் குழிகளைத் தோண்டினர். சில அடிகள் தோண்டியதுமே நீர் ஊறியது. அதை வெளியேற்ற அவர்கள் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சங்கிலி இறைப்பானைப் பயன்படுத்தினர். மரப்பலகைகளைச் சங்கிலிபோல் கோத்து, சாய்ந்த மரத்தொட்டி வழியே நீரை மேலேற்றும் எளிய கருவி அது. அக்கருவியின் ஆற்றல் எந்த அளவோ அந்த அளவே சுரங்கத்தின் ஆழமும் இருந்தது. அதற்குக் கீழே எவ்வளவு ஈயம் கிடந்தாலும் நீரே அதற்குக் காவலாக நின்றது.

1877 ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோ, நீராவி இயந்திரத்தால் இயங்கும் நீரிறைப்பானைச் சுரங்க முதலாளிகளிடையே அறிமுகப்படுத்த ஊக்கமளித்தார். அது ஈயத்தொழிலின் போக்கையே மாற்றியது. ஆழம் இனித் தடையாகவில்லை. 1883 வாக்கில் மலாயா உலகின் முதன்மையான ஈய உற்பத்தி நாடாக உயர்ந்தது. 1880களின் நடுப்பகுதி முதல் மக்கள் கிந்தாவை நோக்கித் திரண்டனர். கோப்பேங், கம்பார், பத்து காஜா ஆகிய ஊர்கள் வளர்ந்தன.

நீரிறைப்பான் வந்தபின் நிகழ்ந்ததை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். மணல் நிரம்பிய தட்டில் நீரை ஊற்றி, நடுவில் ஒரு குழி செய்து, அக்குழியின் நீரை மட்டும் தொடர்ந்து மொண்டால், தட்டின் ஓரத்து மணலும் மெல்ல மெல்ல உலரும். சுரங்கத்திலும் இவ்வாறே நிகழும். குழியிலிருந்து இறைக்க இறைக்க, அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. அருகே கிணறு இருப்பின் அதன் நீரும் இறங்கும். ஓடை இருப்பின் அதன் நீரும் மண்ணுக்குள் இழுக்கப்படும். சுரங்கத்தின் எல்லையைக் காட்ட வேலி போடலாம். நிலத்தடி நீருக்கு வேலி போட முடியாது.

மண்ணைப் பிரித்த இயந்திரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு முறைகள் கிந்தாவில் வேரூன்றின. ஒன்று கிராவல் பம்பு முறை. உயர் அழுத்தத்தில் பீய்ச்சப்படும் நீர் குழியின் மண்சுவரைக் கரைக்கும். கரைந்த சேறும் சரளையும் குழியின் அடியில் ஒரு பள்ளத்தில் சேரும். அங்கிருந்து கிராவல் பம்பு அக்கலவையை உறிஞ்சி, பாலோங் எனப்படும் உயர்ந்த மரச்சரிவின் உச்சிக்கு ஏற்றும். சரிவில் இறங்கும்போது எடைமிக்க ஈயம் தடுப்புக் கட்டைகளின் பின்னே தங்கும். மணலும் சேறும் வெளியேறும். பெரும்பாலும் சீன முதலாளிகளே இம்முறையைக் கையாண்டனர்.

மற்றொன்று ஈயக் கப்பல் முறை. 1913 ஆம் ஆண்டில் பத்து காஜா வட்டாரத்தில் முதல் ஈயக் கப்பல் இயங்கத் தொடங்கிற்று. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, தொடர் வாளிகளால் அடிமண்ணை அள்ளி, உள்ளேயே அலசி, கழிவைப் பின்புறம் கொட்டிச் செல்லும் மிதக்கும் ஆலை அது. பெருமுதல் தேவைப்பட்ட இத்தொழில் ஐரோப்பிய நிறுவனங்களின் கையில் இருந்தது. இக்கப்பல்களில் தமிழரும் பணிபுரிந்துள்ளனர். 1938 ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய தஞ்சோங் துவாலாங் கப்பல் அக்காலத்தின் சின்னமாக இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இவ்விரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கிராவல் பம்புச் சுரங்கம் குழியில் நீர் நில்லாதபடி இறைத்தாக வேண்டும். ஈயக் கப்பலோ மிதப்பதற்கு நீர் வேண்டும். ஆதலால் அது நீர்மட்டத்தோடு ஒத்துப்போயிற்று. முன்னது நீரோடு போரிட்டது. பின்னது நீரோடு வாழ்ந்தது. எனினும் இரண்டும் ஒரு தீங்கைப் பொதுவாகச் செய்தன. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கிவைத்த மண்ணை இவை அலசித் தனித்தனியே பிரித்துவிட்டன. மணல் ஓரிடத்தில் மேடாயிற்று. நுண்களி வேறோரிடத்தில் சேற்றுக் குட்டையாயிற்று. மணல்மேட்டில் விழும் மழை நிற்காமல் இறங்கிவிடும். அங்குப் பயிர் எளிதில் வளராது. சேற்றுக் குட்டையிலோ நீர் கீழே இறங்காது. அம்மண் கட்டடத்தையும் தாங்காது. மழையை வாங்கி, வடித்து, சேமித்து, திருப்பித் தந்த பழைய படுகையின் ஒழுங்கு அதனோடு குலைந்தது.

உள்வாங்கிய நிலம்

கிந்தாவின் சுண்ணாம்புப் பாறை மற்றோர் ஆபத்தையும் உள்ளடக்கியிருந்தது. பாறைக் குகைகளின் மேலுள்ள மண்ணை நிலத்தடி நீரும் ஓரளவு தாங்கி நிற்கிறது. சுரங்கத்திற்காக நீரை இறைக்கும்போது அத்தாங்கல் நீங்குகிறது. மேல்மண் சிறிது சிறிதாகப் பிளவுகளின் வழியே குகைக்குள் வழிகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மண் ஒரு வளைவுபோல் நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் பெருமழையோ கனத்த வண்டியோ அதன்மேல் வந்தால் நிலம் திடீரென உள்வாங்கும். கிந்தா பள்ளத்தாக்கிலும், அதே வகைப் பாறை கொண்ட கோலாலம்பூர் வட்டாரத்திலும் இத்தகைய நிலச்சரிவுக் குழிகள் பல தோன்றியுள்ளன. நீரிறைப்பால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தமையும், அது மாறிமாறி ஏறி இறங்கியமையும் இவற்றின் காரணங்களுள் முக்கியமானவை என்பது நிலவியல் அறிஞர் கருத்து.

சட்டம் கண்ட நீரும் காணாத நீரும்

இத்தனை நடக்கையில் அரசாங்கம் வாளாவிருந்தது என்று கூறிவிட முடியாது. ஆற்றுக்கு நேர்ந்த கேடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சுரங்கக் கழிவு ஆறுகளில் படிந்து, ஆற்றுப்படுகை உயர்ந்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. இதற்குச் சான்று சிலாங்கூரின் கோலகுபு நகரமாகும். 1883 அக்டோபரில் அணை உடைந்து உயிர்ச்சேதம் கண்ட அவ்வூர், பின்னர் மேற்பகுதிச் சுரங்கங்களிலிருந்து வந்த மண்ணாலும் அடுத்தடுத்த வெள்ளங்களாலும் வாழத் தகுதியற்றதாயிற்று. இறுதியில் நகரத்தையே மேட்டுநிலத்திற்கு மாற்ற நேர்ந்தது. நகரமைப்பு வல்லுநர் சார்லஸ் ரீட் திட்டமிட்ட அப்புதிய நகரமே கோலகுபு பாரு. 1926 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஆறுகளின் நிலையை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. 1932 ஆம் ஆண்டில் வடிகால், நீர்ப்பாசனத் துறை அமைக்கப்பட்டது.

சட்டங்களும் பிறந்தன. 1920 ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் ஆறுகளை ஆட்சியாளரின் உடைமையாக்கி, உரிமமின்றி ஆற்றைத் திருப்புவதைத் தடைசெய்தது. சுரங்கச் சட்டங்கள் கழிவுமண்ணைத் தேக்கி வைக்க வேண்டுமெனவும், சுரங்கத்திற்கு நீர் எடுக்க உரிமம் பெற வேண்டுமெனவும் விதித்தன. இவை பயனுள்ள விதிகளே. ஆயினும் அவை நோக்கியது ஆறு, கிளையாறு, ஓடை ஆகிய ஓடும் நீரையே. மண்ணுக்கடியில் அசையும் நீரை அவை தனித்த பொருளாகக் கருதவில்லை. சுரங்க முதலாளி ஆற்றில் கை வைத்தால் அதிகாரி வருவார். அடிநீரை இறைத்தால் அது தொழிலின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த நீருக்குச் சட்டம் இருந்தது. தெரியாத நீருக்கு இல்லை. கிந்தாவின் நீர் வரலாற்றில் நேர்ந்த அடிப்படைப் பிழை இதுவேயாகும்.

குட்டைகள் எழுந்த காலம்

1985 அக்டோபர் 24 ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க ஈயம் வாங்குவதை நிறுத்தியது. விலை சரிந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை இழந்தனர். இறைப்பான்கள் நின்றதும் நிலத்தடி நீர் மீண்டும் ஏறிற்று. குழிகள் நிரம்பின. வானூர்தியிலிருந்து நோக்குவோருக்கு நீலமும் பச்சையுமாகத் தெரியும் ஈயக்குட்டைகள் இவ்வாறு தோன்றியவையே. பல தலைமுறைகளாக விரட்டப்பட்ட நீர் தன் இடத்திற்குத் திரும்பிற்று எனலாம்.

இக்குட்டைகள் சில நன்மைகளையும் தந்துள்ளன. தைப்பிங் ஏரிப் பூங்கா 1880 ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் உருவாக்கப்பட்டது. பல குட்டைகளில் மீன் வளர்க்கப்படுகிறது. சிலவற்றில் நீர்ப்பறவைகள் குடியேறியுள்ளன. சிலாங்கூரில் 2014 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கடும் வறட்சி ஏற்பட்டு, வீடுகளுக்கு முறைவைத்து நீர் வழங்கப்பட்டபோது, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றில் சேர்க்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பின்னர் நாளொன்றுக்கு 600 மில்லியன் லிட்டர் நீர் வழங்கும் நோக்குடன் ஹோராஸ் என்னும் திட்டமாக அது விரிந்தது.

அப்பொழுது மக்கள் மனத்தில் ஓர் ஐயமும் எழுந்தது. ஈயக் கனியத்தோடு ஆர்செனிக் கலந்த கனியங்களும் இருப்பதுண்டு. அவை காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது அமிலமும் நச்சு உலோகங்களும் நீரில் கலக்கக்கூடும். ஆகவே எந்தக் குட்டையின் நீரையும் ஆய்வின்றிக் குடிநீராக்குதல் கூடாது. மேலே மண் போர்வை இருந்த காலத்தில் வடிந்து தூய்மையடைந்த நீர், அப்போர்வை அகற்றப்பட்டபின் வானத்தை நோக்கித் திறந்து கிடக்கிறது. வெயில் அதை ஆவியாக்குகிறது. கரையில் கொட்டப்படும் குப்பை நேரே அதில் கலக்கிறது. அக்குட்டை நீர் வேறு, அருகிலுள்ள கிணற்று நீர் வேறு என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இரண்டும் ஒரே நீரே.

மணலும் சரளையும்

ஈயம் முடிந்தது, தோண்டுதல் முடியவில்லை. ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மணல்மேடுகள் இன்று கட்டுமானத்திற்கும் கண்ணாடித் தொழிலுக்கும் அள்ளப்படுகின்றன. நாட்டின் வேறு பல ஆற்றோரங்களிலும் மணலும் சரளையும் எடுக்கப்படுகின்றன. பொருள் மாறினும் கேள்வி மாறவில்லை: குழிக்குள் ஊறும் நீரை என்ன செய்வது?

கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கேள்விக்கு முன்னைவிடத் தெளிவான விடைகள் உருவாகியுள்ளன. 1987 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஆணை, 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய சுரங்கங்களுக்கும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட மணல் தூர்வாரலுக்கும் முன்கூட்டிய பாதிப்பு ஆய்வைக் கட்டாயமாக்கியது. 1994 ஆம் ஆண்டில் கனிம வளர்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. சிலாங்கூரின் 1999 ஆம் ஆண்டு நீர் நிருவாகச் சட்டம் நிலத்தடி நீரையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. லங்காட் ஆற்றுப் படுகையில் ஜப்பானியக் கூட்டுறவு முகமையும் மலேசியக் கனிம, புவி அறிவியல் துறையும் இணைந்து 2002 ஆம் ஆண்டில் நிறைவுசெய்த ஆய்வு, நிலத்தடி நீரை ஒரு படுகை முழுவதற்குமாகக் கணக்கிட்டு நிருவகிக்கும் வழியைக் காட்டியது. 2009 ஆம் ஆண்டில் வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்றுமணல் எடுப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது.

இவற்றின் சாரமாக அமையும் முறைகள் எளியவை. முதலாவதாக, தோண்டுமுன் அளக்க வேண்டும். குழி அமையவுள்ள இடத்தைச் சுற்றிச் சோதனைக் கிணறுகள் அமைத்து, மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் நீர்மட்டத்தைப் பதிவுசெய்ய வேண்டும். முன்பு என்ன இருந்தது என்னும் பதிவு இல்லாவிடில், பின்னர் என்ன குறைந்தது என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. கிணறு வற்றிய ஏழையின் சொல் அப்போது எடுபடாது.

இரண்டாவதாக, ஆற்றங்கரைக்கும் குழிக்கும் இடையே போதிய நிலம் விடப்பட வேண்டும். இன்றேல் பெருவெள்ளத்தில் ஆறு கரையை உடைத்துக் குழிக்குள் புகும். ஆற்றின் போக்கே மாறும்.

மூன்றாவதாக, இயன்றவரை நீரை இறைக்காமலே, ஈயக் கப்பலைப்போல் நீருக்குள்ளிருந்தே அள்ளுதல் நன்று. இறைத்தே ஆகவேண்டுமெனின், அந்நீரை ஆற்றில் விட்டுவிடாமல், தெளியவைத்து, குழிக்கும் அண்டைக் கிணறுகளுக்கும் இடையே வெட்டிய நீள்பள்ளங்களில் விட்டால் அது மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். தெளியவைப்பது இன்றியமையாதது. சேற்றுநீரின் நுண்களி பள்ளத்தின் அடியை மெழுகிவிட்டதுபோல் அடைத்துவிடும். பின் நீர் இறங்காது.

நான்காவதாக, சோதனைக் கிணற்றில் நீர்மட்டம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை உரிமம் வழங்கும்போதே எழுதிவைக்க வேண்டும். ஐந்தாவதாக, குழியை மூடுவதற்கும் சீர்செய்வதற்குமான பணத்தைத் தொழில் நடக்கும்போதே ஒதுக்கச் செய்ய வேண்டும். ஈய விலை சரிந்த 1985 ஆம் ஆண்டு புகட்டிய பாடம் அதுவே. தொழில் வீழ்ந்தபின் குழிக்குப் பொறுப்பேற்க முன்வருவோர் அரியர்.

முடிவுரை

நிலம் ஒரு துறையிடமும், கனிமம் ஒரு துறையிடமும், ஆறு ஒரு துறையிடமும், சுற்றுச்சூழல் மற்றொரு துறையிடமும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும் அமைப்பில், யாருடைய பொறுப்பிலும் முழுமையாக அடங்காமல் நழுவிப்போவது நிலத்தடி நீரே. அதற்காகப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் கிணறு வற்றியபின்னரே பேசுகின்றனர்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் நகரங்களைக் கட்டியது, இருப்புப்பாதைகளை இட்டது, பல இனத்து மக்களுக்கு வாழ்வளித்தது. அதன் நன்மையை எவரும் மறுக்கலாகாது. ஆனால், மண்ணிலிருந்து எடுத்த ஈயத்திற்கு மூட்டை மூட்டையாகக் கணக்கு எழுதிய அக்காலம், அதே குழியிலிருந்து இறைத்து வெளியேற்றிய நீருக்கு ஒருவரிக் கணக்கும் எழுதவில்லை. அக்கணக்கை எழுதாமல் விட்டதன் விளைவை உள்வாங்கிய நிலமும் பயிர் விளையா மணல்மேடும் சுமந்து நிற்கின்றன.

ஈயக்குட்டைகளின் அருகே அமைந்த தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் பல உள்ளன. அங்கே வரலாறு பயிலும் மாணவர்க்கு ஈயத்தின் ஏற்றுமதி அளவோடு, அக்குட்டை எவ்வாறு தோன்றியது, அதன் நீர் எங்கிருந்து வந்தது, அது அருகிலுள்ள கிணற்றோடு எவ்வாறு இணைந்துள்ளது என்பதையும் கற்பித்தல் ஆசிரியரின் கடமையாகும். அளவுகோலும் கயிறும் கொண்டு பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதிவரும் வகுப்பு, கிந்தா முன்னோர் எழுதத் தவறிய கணக்கின் முதல் வரியை எழுதியதாகும்.